மழையில் மாகறலுக்கு: நல்ல டயர் எந்தச் சக்கரத்துக்கு?

மழைக்காலத்தில் காஞ்சிபுரத்திலிருந்து சைக்கிளில் மாகறல் கோயிலுக்குப் போகலாமா, எந்த டயர் போடுவது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். கடையில் இப்போது ஆயிரம் வகை டயர் தொங்குகிறது. அதெல்லாம் எனக்குத் தெரியாது. ஒரே ஒரு நல்ல டயரை வைத்துக்கொண்டு நான் எடுத்த முடிவு மட்டும்தான் தெரியும். அதைச் சொல்கிறேன்.

அறுபதுகளின் கடைசியில் ஓர் ஐப்பசி. பிள்ளையார்பாளையத்தில் தறிக்குழிகளில் தண்ணீர் ஊறி, தெருவே வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தது. மாகறலிலிருந்து பால் கொண்டுவந்தவர், என் மாமனாருக்கு ரொம்ப முடியவில்லை, இன்றைக்குத் தாண்டுவது கஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போனார். என் மனைவி வள்ளி அவருக்கு ஒரே பெண். அந்தப் பக்கம் போகும் பஸ் மழைக்கு நின்றுபோயிருந்தது. பத்து மைல், இன்றைய கணக்கில் பதினாறு கிலோமீட்டர். சைக்கிளை விட்டால் வேறு வழியில்லை.

என் சைக்கிளில் இரண்டு டயரும் தேய்ந்து மொழுமொழுவென்று இருந்தன. பக்கத்துத் தெருக் கடையில் இருந்தது ஒரே ஒரு புது டயர். எட்டு ரூபாய்.

"பின்னாடி போட்டுக்கினு போ பா," என்றார் கடைக்கார பாய். "பாரம் பூரா பின்னாடிதானே இருக்குது. பழசு புட்டுக்கிச்சுன்னா நடு ரோட்டுல நிப்பே."

அவர் சொன்னதில் தப்பில்லை. எல்லோரும் அப்படித்தான் போடுவார்கள். ஆனால் மழையில் நான் விழுந்ததெல்லாம் முன் சக்கரம் வழுக்கித்தான். பின் சக்கரம் வழுக்கினால் காலை ஊன்றிச் சமாளிக்கலாம். முன் சக்கரம் வழுக்கினால் ஹேண்டில்பார் கைக்கு அடங்காது. கேரியரில் வள்ளி உட்காரப் போகிறாள். முன்னால் போடச் சொன்னேன். பாய் தலையில் அடித்துக்கொண்டே மாட்டினார். காற்றையும் கல் மாதிரி அடிக்காமல், கட்டைவிரலால் அழுத்தினால் கொஞ்சம் அமுங்குகிற அளவில் வைத்தேன். ஈரத்தில் அப்படி இருந்தால்தான் டயர் தரையைப் பிடிக்கும்.

ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். ஓரிக்கை தாண்டி, பாலாறு தாண்டி, அதற்கப்புறம் ரோடு முழுக்கச் சேறு. எதிரே வந்த மாட்டுவண்டிக்கு ஒதுங்கும்போது பின் சக்கரம் கோணலாக இழுத்துக்கொண்டு போனது. முன் சக்கரம் பிடியை விடவில்லை. வள்ளி என் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மாகறலுக்கு மூன்று மைல் இருக்கும்போது பாய் சொன்னது நடந்தது. பின் டயரில் கருவேல முள். அந்த ஈரத்தில் ஒட்டுப் போட்டாலும் நிற்காது. கையோடு கொண்டுபோன பம்பில் அடித்தால் கொஞ்ச நேரம் காற்று நின்றது. வள்ளி ஏறி உட்கார்ந்தால் உடனே இறங்கியது. இரண்டு தடவை பார்த்துவிட்டு அவள் ஒதுங்கி நின்றுகொண்டாள்.

"ஒருத்தருக்குத் தாங்குது இல்ல? நீங்க முன்னால போங்க. நான் நடந்து வந்துக்கினு இருக்கேன்னு அப்பாகிட்ட சொல்லுங்க. சொன்னா காத்துக்கினு இருப்பாரு."

கொட்டுகிற மழையில் அவளைத் தனியாக விட்டுவிட்டுப் போனேன். எனக்கு அழுகை வந்தது. அங்கங்கே நிறுத்திக் காற்றடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

மாமனார் கண்ணைத் திறக்கவில்லை. காதருகே குனிந்து, "மாமா, வள்ளி வந்துக்கினு இருக்கா," என்றேன். உதடு அசைந்தது.

"மழை பெய்யுதே மாப்ள. குடை எடுத்துக்கினாளா?"

"எடுத்துக்கினுதான் வரா, மாமா." எங்கள் வீட்டில் குடையே கிடையாது.

ஒரு மணி நேரம் போல ஆனது அவள் வர. வாசலிலேயே புடவைத் தலைப்பைப் பிழிந்துவிட்டு உள்ளே வந்து, அவர் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள். விரல்கள் ஈர முடியில் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தன. பிறகு அந்தக் கை மெதுவாக இறங்கி, மார்பில் கிடந்த துண்டைத் தேடி எடுத்து, அவள் தலையைத் துவட்ட ஆரம்பித்தது. பாதியில் ஓய்ந்துவிட்டது. சாயங்காலம் போய்விட்டார்.

இப்போது போகிறவர்களுக்கு நல்ல தார் ரோடு இருக்கிறது. உச்சிவேளையில் கோயில் நடை சாத்திவிடுவார்கள், அதற்குள் போய்விடுங்கள். மழை பிடித்த முதல் அரை மணி நேரம் தார் ரோடு எண்ணெய் கொட்டினாற்போல் வழுக்கும்; எங்கேயாவது ஒதுங்கி நின்றுவிட்டுப் போங்கள். இரண்டு டயரும் நல்லதாகப் போட முடிந்தால் போடுங்கள். ஒன்றுதான் முடியும் என்றால், யார் என்ன சொன்னாலும் முன்னால் போடுங்கள். பின் டயர் போனால் நடந்தாவது போய்ச் சேரலாம். முன் சக்கரம் வழுக்கி நாங்கள் பாலாற்றுப் பக்கம் விழுந்து கிடந்திருந்தால், அவர் துவட்டிவிட அந்தத் தலை போய்ச் சேர்ந்திருக்காது.