மாம்பலகை நாற்காலி

அறுபதுகளின் நடுவில் புதுக்கோட்டையில் ஒரு சிறிய குழந்தைகள் மருத்துவமனையில் எனக்கு வேலை. பின்கட்டில் ஓர் அறை. கை கால் விளங்காத பிள்ளைகளுக்கு உட்கார, சாப்பிட, சட்டை போட, பென்சில் பிடிக்கப் பழக்க வேண்டும். சென்னையில் நான் படித்த அந்தப் படிப்புக்குத் தமிழில் என்ன பெயர் என்று அப்போது எனக்கே தெரியாது. தாய்மார்கள் என்னை ‘வெளையாட்டு டாக்டரம்மா’ என்றார்கள். முதலில் எரிச்சலாக இருந்தது, பிறகு பழகிவிட்டது.

இரண்டு வருடம் தனியாகக் கிடந்து மாரடித்தேன். சந்தேகம் வந்தால் கேட்க ஆள் கிடையாது. அதன்பிறகு அவள் வந்தாள். என்னைவிட மூன்று வயது இளையவள், பட்டணத்துப் பெண், தேர்வு முடிவு வந்த கையோடு ரயிலேறியவள். டாக்டர் அவளை என் அறைக்கு அழைத்துவந்து, நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பார்த்துக்கொள்வது என்றால் என்ன என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவள் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு நோட்டு எழுத வேண்டும். பக்கத்தின் அடியில் ‘மேற்பார்வையாளர்’ என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டும். எனக்குத் தெரிந்த ஏற்பாடு அவ்வளவுதான்.

முதல் வாரமே அவளை எனக்குப் பிடிக்காமல் போயிற்று. காரணத்தைச் சொன்னால் வெட்கக்கேடு. அவள் அழகாகப் படம் வரைவாள். ஒரு குழந்தையின் முதுகு எங்கே வளைகிறது, தலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று நாலு கோட்டில் வரைந்துவிடுவாள். டாக்டர் அவள் நோட்டைப் புரட்டிப் பார்த்துப் பிரமாதம் என்றார். என் இரண்டு வருட நோட்டுகளை அவர் ஒரு தடவைகூடத் திறந்ததில்லை. இதற்காகவா ஒரு பெண்ணைப் பிடிக்காமல் போகும்? போயிற்று.

கறம்பக்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தாய் நான்கு வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவாள். பெண்குழந்தை. பிறந்தபோது அழாத குழந்தை. கழுத்து நிற்காது, முதுகு நிற்காது. படுக்கவைத்துத்தான் கஞ்சி புகட்டினார்கள். பாதி வயிற்றுக்குப் போகும், பாதி புரையேறி நெஞ்சுக்குள் இறங்கும். மாதம் தவறாமல் சளி, காய்ச்சல். நிமிர்த்தி உட்காரவைத்து ஊட்டாவிட்டால் வருகிற மழைக்காலத்தைத் தாண்டாது என்று டாக்டர் எங்களிடம் சொல்லியிருந்தார்.

புதியவள் அந்தக் குழந்தைக்கு ஒரு நாற்காலி வரைந்தாள். இடுப்புக்கு இவ்வளவு, முட்டிக்கு இவ்வளவு என்று டேப்பால் அளந்து, தச்சரிடம் நாலு நடை நடந்து, மாம்பலகையில் செய்து வாங்கினாள். முன்னால் தட்டு வைக்கப் பலகை, இரண்டு பக்கமும் தலைக்குத் தாங்கல். தன் பருத்திப் புடவை ஒன்றைக் கிழித்து, மூன்றாக மடித்துத் தைத்து மார்புக்கு ஒரு வார் போட்டாள். குழந்தையை அதில் உட்காரவைத்த அன்று அது ஒரு கிண்ணம் கஞ்சியை ஒரு தடவைகூட இருமாமல் குடித்தது. குடித்துவிட்டுத் தாயின் முகத்தை நேருக்கு நேராகப் பார்த்தது. அந்தத் தாய் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன்.

சிரித்தவள், கிளம்பும்போது தயங்கினாள். நாற்காலியின் கால்களைத் தொட்டுப் பார்த்தாள்.

“இம்புட்டு ஒசரம் வேணுமாங்க? தரையோட இருக்காப்புல செஞ்சு தர முடியாதுங்களா?”

விழுந்துவிடும் என்று பயப்படுகிறாள் என நினைத்து, வாரை இழுத்துக் காட்டி, விழவே விழாது என்று பொறுமையாக விளக்கினாள் எங்கள் பட்டணத்துப் பெண். தாய் தலையாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. நான் திருவரங்குளத்தில் வளர்ந்தவள். எங்கள் வீட்டில் நாற்காலிகள் உண்டு. எங்கள் வயலில் வேலை செய்தவர்கள் வாசலில் நின்றுதான் பேசுவார்கள், அல்லது மண்ணில் குந்துவார்கள். அவர்கள் தெருவில் யார் வீட்டு வாசலிலும் நாற்காலி கிடையாது. வாங்க வசதி இல்லாததால் மட்டுமல்ல. நிலத்துக்காரர் நடந்துபோகும் வழியில் அவர்கள் வீட்டுப் பிள்ளை உயரத்தில் உட்கார்ந்திருக்கக் கூடாது. இதை யாரும் எனக்குச் சொல்லித்தந்ததில்லை, பார்த்தே தெரியும். அந்தத் தாய்க்கு அதை வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. நான் சொல்லியிருக்கலாம், ஒரு வாக்கியம் போதும். ரொம்பப் படித்தவள்தானே, பட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று நினைத்தேன். அப்படியேதான் நினைத்தேன், கூட்டிக் குறைத்துச் சொல்லவில்லை. குனிந்து பதிவேட்டில் ஏதோ எழுதினேன். நாற்காலி பஸ்ஸின் கூரையில் ஏறி ஊருக்குப் போயிற்று.

பத்து நாள் கழித்துத் தாய் மட்டும் வந்தாள்.

“பெரிய வீட்டுக்காரவுக தெருவோட வந்தாக. எம் புள்ள வாசல்ல நாக்காலில ஒக்காந்துருந்துச்சு. இதுக்கு எந்திரிக்கத் தெரியாதுன்னு சொன்னேன். கேக்கலைங்க.”

குழந்தையின் தகப்பனையே கோடரி எடுத்துவரச் சொல்லி, அவன் கையாலேயே வெட்டிப் போடவைத்திருக்கிறார்கள். அன்றைக்கு அந்தப் பலகையில்தான் உலை கொதித்தது என்றாள். மடியிலிருந்து அந்தத் துணி வாரை எடுத்து மேசைமேல் வைத்தாள். துவைத்து மடித்திருந்தாள். அது மட்டும் எங்கள் துணியாம், எரிக்க மனசு வரவில்லையாம்.

தாய் போனபிறகு புதியவள் அந்த வாரைக் கையில் எடுத்தாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்.

“அக்கா, இப்படி ஆகும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியாது” என்றேன்.

அன்று சாயங்காலமே தச்சரிடம் போனேன். அதே அளவு, அதே தாங்கல், கால் மட்டும் வேண்டாம், தரையில் சுவரோரம் வைக்கிற மாதிரி வேண்டும் என்றேன். இரண்டே நாளில் செய்து தந்துவிட்டார். அவ்வளவு சுலபம். தாய் வருவாள் என்று காத்திருந்தோம். வரவில்லை. மழை பிடித்துக்கொண்டது. மூன்றாவது வாரம் நாங்களே அந்த இருக்கையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினோம். இறங்கிச் சேற்றில் நடந்தோம். அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்திருந்தோம்.

தகப்பன் மட்டும் வீட்டில் இருந்தான். தாய் நடவுக்குப் போயிருந்தாள். குழந்தை இறந்து எட்டு நாள் ஆகிவிட்டது. நெஞ்சுச்சளி. நாங்கள் கொண்டுபோனதைத் தகப்பன் கொஞ்சநேரம் பார்த்தான். இது தரையோடு இருக்கிறதே என்றான். பிறகு, வீட்டுக்காரி வருவதற்குள் இதை எடுத்துக்கொண்டு போய்விடும்படி கேட்டுக்கொண்டான்.

திரும்பி வருகிற வழியெல்லாம் அவள் அழுதாள். நான் அழவில்லை, எனக்கு அந்த உரிமை இல்லை.

அவளுக்குப் பிறகு எத்தனையோ புதியவர்கள் வந்தார்கள். எதையும் செய்து கொடுப்பதற்கு முன்னால் அந்தக் குழந்தையின் வீட்டுக்கு அவர்களை நானே அழைத்துப்போவேன். அவர்களுக்குத் தெரியாததை, அவர்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவேன். அக்காவைப் போல் யார் பார்த்துக்கொள்வார்கள் என்பார்கள். கேட்கும்போது உடம்பு கூசும்.

அவள் அந்தப் பயணத்துக்கு அடுத்த மாதமே வேலையை விட்டுவிட்டாள். இந்த வேலைக்குத் தான் லாயக்கில்லை என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போனாள். போகும்போது நோட்டுகளை என் மேசையில் அடுக்கிவைத்திருந்தாள். அந்தக் குழந்தையின் நோட்டில் கடைசிப் பக்கத்தில் படம் இல்லை, ஒரே வரி மட்டும் இருந்தது: ‘வீட்டைப் பார்க்காமல் நாற்காலி செய்தது என் தவறு.’ அதற்குக் கீழே பக்கம் முழுக்க இடம் கிடந்தது. பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு நான் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு, மேற்பார்வையாளர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டு மூடிவைத்தேன்.