தேவராஜா நீட்டிய வலக்கை

இரஞ்சிதத்துக்குக் கோபமே வராது என்று, அவள் கடல் கடந்து வந்து குடியேறிய ரிச்மண்ட் பக்கத்தில் ஒரு பேச்சு இருந்தது. அப்படிச் சொன்னவர்கள் அவளைச் சரியாகப் பார்க்காதவர்கள். பாலும் பாண் ரொட்டியும் சிகரெட்டும் விற்கிற அந்த மூலைக்கடையை அவளும் கணவர் தேவராஜாவும் சேர்ந்து நடத்தினார்கள். அவர் போன பிறகும் அவள் கடையைப் பூட்டவில்லை. குடிகாரனுக்கும் குழந்தைக்கும் ஒரே முகத்தைக் காட்டிக்கொண்டு கல்லாவுக்குப் பின்னால் நின்றாள். கோபத்தை விழுங்கி வைத்திருந்தாள், அவ்வளவுதான். எழுபத்தேழாம் ஆண்டு அது வெளியே வந்தது.

தேவராஜா போனது முந்தின ஆண்டு. ஒரு மாலை, துப்பாக்கியோடு ஒருவன் கடைக்குள் நுழைந்தான். வலக்கையை மேலே தூக்கு, இடக்கையால் காசை எடுத்துத் தா என்றான். தேவராஜாவும் மறுபேச்சுப் பேசாமல் இடக்கையால் காசை அள்ளினார். ஆனால் நீட்டும்போது, தூக்கியிருந்த வலக்கையை இறக்கி அதில் காசை மாற்றினார். பிறந்த நாள் முதல் இடக்கையால் யாருக்கும் எதையும் கொடுத்தறியாத மனிதர். தோளில் பால் பெட்டி இருந்தாலும் அதை இறக்கி வைத்துவிட்டு, வலக்கையால்தான் மிச்சக்காசு கொடுப்பார். கை தன் பழக்கத்தைச் செய்தது. கை இறங்குகிறதே என்று வந்தவன் வெருண்டு சுட்டான். கடைக்குப் பின்னால் சமைக்கிற குசினியின் வாசலில் நின்று இரஞ்சிதம் எல்லாவற்றையும் கண்ணால் கண்டாள்.

விசாரிக்க வந்த அதிகாரியிடம் அதை அப்படியே சொன்னாள். எந்தக் கையால் கொடுத்தால்தான் என்ன என்று அவர் நினைத்திருக்க வேண்டும். கடைக்காரர் எதிர்த்தார் என்று எழுதிவிட்டுப் போனார். பத்திரிகையும் அதையே போட்டது. நம் ஆட்கள் மட்டும் சும்மா இருப்பார்களா? முகத்துக்கு முன்னால் வீரன் என்றார்கள்; முதுகுக்குப் பின்னால், சில்லறைக் காசுக்காக உயிரை விட்டவன் என்றார்கள். இழவு வீட்டில் குடித்த தேத்தண்ணி தொண்டையில் இறங்கும் முன்பே அப்படிப் பேசினார்கள்.

அப்போதுதான் கிரேம் என்ற திரைப்பட மாணவன் வந்தான். நகரத்துத் துப்பாக்கிச் சாவுகளைப் பற்றிக் குறும்படம் எடுக்கிறானாம். நடந்த இடத்திலேயே எடுக்க அனுமதி கேட்டான். உண்மையைப் படமாவது சொல்லட்டும் என்று நம்பிச் சம்மதித்தாள். ஆங்கிலப் பேச்சுக்கு உதவியாக, அதே தெருவில் இருந்த எஞ்சினியர் யோகேஸ்வரனையும் கூப்பிட்டிருந்தாள்.

ஒத்திகையில் தேவராஜாவாக நடித்தவன் கல்லாவின் மேல் ஏறி, துப்பாக்கியைப் பறிக்கப் பாய்ந்தான். கிரேம் கை தட்டினான்.

இரஞ்சிதம் நிறுத்தச் சொன்னாள்.

யோகேஸ்வரன் அவள் காதருகே குனிந்தான். "விடுங்கோ அக்கா. வீரனாத்தானே காட்டுறாங்கள். எங்களுக்கும் பெருமைதானே."

"அவர் பாயேல்லை, தம்பி. கேட்டதைக் குடுத்தவர். குடுக்கேக்கதான் செத்தவர். உங்கட பெருமைக்காக அவரை ஏன் சண்டைக்காரன் ஆக்குறியள்?"

யோகேஸ்வரன் அதை ஆங்கிலத்தில் சொல்லும்போது பாதியை முழுங்கினான். கிரேம் பணிவாகத்தான் பதில் சொன்னான். காசைக் கொடுத்துவிட்டுச் சாவதில் படத்துக்கு விசை இல்லையாம். விசை! ஒரு மனிதனின் சாவுக்கு இவர்கள் விசை ஏற்றப் போகிறார்களாம்.

இரஞ்சிதம் நடிகனை விலக்கிவிட்டுத் தானே கல்லாவுக்குப் பின்னால் போய் நின்றாள். கொள்ளைக்காரனாக நடித்த இளைஞனிடம், அன்றைக்கு வந்தவன் சொன்னதையே சொல்லச் சொன்னாள். இளைஞன் துப்பாக்கியை நீட்டி அதட்டினான். அது நடிப்புக்குக் கொண்டுவந்த வெறும் துப்பாக்கி. அவள் வலக்கையைத் தூக்கினாள், இடக்கையால் காசை அள்ளினாள். பிறகு எதையும் நடிக்க வேண்டியிருக்கவில்லை. வலக்கை தானாகவே இறங்கிக் காசை வாங்கி அவன் பக்கம் நீண்டது.

டிக்.

இளைஞன் துப்பாக்கியின் விசையை இழுத்துவிட்ட தன் விரலையே பார்த்துக்கொண்டு நின்றான். சுட நினைக்கவில்லை, கை இறங்கியதும் பயந்துவிட்டேன் என்று முணுமுணுத்தான்.

கிரேம் ஓடிவந்தான். கமெரா ஓடவில்லை, இன்னொரு முறை செய்ய முடியுமா என்று கேட்டான்.

இரஞ்சிதம் காசைக் கல்லாவில் போட்டு மூடினாள். அவனைப் பார்க்கவில்லை, யோகேஸ்வரனைப் பார்த்தாள்.

"நான் சொல்லுறதை ஒரு சொல்லும் குறைக்காமல் இங்கிலீசில சொல்லும், தம்பி. அவர் ஏன் கையை இறக்கினவர் எண்டுதான் எல்லாரும் கேக்கிறியள். கையில துவக்கு இருந்தவனை ஒருத்தரும் கேக்கேல்லை. இந்தப் பிள்ளை நல்ல பிள்ளை, இவனே சுட்டுட்டான். படம் எடுக்கிறதெண்டால் அதை எடுக்கச் சொல்லும்."

யோகேஸ்வரன் ஒரு சொல்லும் குறைக்கவில்லை.