முதுகு மட்டும் தெரிந்தவர்

அரசுத் தொலைக்காட்சியில் ஞாயிறு மாலை வரும் வரலாற்றுத் தொடருக்கு வேன் ஓட்டியவர் அவர். தொடர் தொடங்கிய மறுவருடம் வேலைக்குச் சேர்ந்தார். ஓய்வு பெற்றபோதும் அது ஓடிக்கொண்டிருந்தது. இடையில் இயக்குநர்கள் மாறினார்கள், தொடக்க இசை மாறியது, வேனும் மாறியது. ஓட்டுநர் மாறவில்லை.

படப்பிடிப்புக் குழுவில் அவரை 'மன்னர்' என்றுதான் கூப்பிட்டார்கள். பழங்காலக் காட்சி ஏதாவது தேவைப்பட்டால் நடிகர்களை அமர்த்த அந்தத் தொடருக்குக் கட்டுப்படியாகாது. முகம் தெரிந்தால்தானே நடிகர் வேண்டும் என்று முதல் இயக்குநர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஓட்டுநருக்கு நல்ல அகலமான முதுகு. ஒருநாள் அவருக்குச் சால்வை போர்த்தி ஜன்னலோரம் நிற்க வைத்தார்கள். போருக்கு முந்தின நாள் ஒரு மன்னர் யோசனையில் ஆழ்ந்திருப்பதை அந்த ஞாயிறு நாடே பார்த்தது. பிறகு கைதி, மாலுமி, கொள்ளைநோயில் விழுந்தவர், சபையை விட்டு வெளிநடப்பு செய்தவர் என்று எத்தனையோ பேருக்கு முதுகு கொடுத்தார். போர்க்களத்தில் குப்புறக் கிடக்கும்போது சிலசமயம் அசந்து தூங்கிவிடுவார். யாரும் குறை சொன்னதில்லை. பிணமாகக் கிடப்பது வேறு யாருக்கும் அவ்வளவு இயல்பாக வரவில்லை.

வீட்டில் இதற்கெல்லாம் மரியாதை கிடையாது. "டிவியில ராஜா, வீட்டுல கூஜா" என்று சொல்லிக்கொண்டே மனைவி காய்கறிப் பையை நீட்டுவாள். அவளுக்கு ஒரு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை. வாய் ஓயாமல் பேசுவாள், ஆனால் அன்றன்றைக்கு நடந்ததைப் பற்றி மட்டும்.

ஒரு வருடம், நகரத்துக்குத் தண்ணீர் தரும் அணையைப் பற்றி எடுப்பதென்று முடிவாயிற்று. அந்த அணைக்காக ஒரு சிற்றூர் மொத்தமாக நீருக்குள் போயிருந்தது. அங்கே வாழ்ந்தவர்கள் யாரும் அகப்படவில்லை என்று குழுவினர் மதியச் சாப்பாட்டின்போது புலம்பினார்கள். "என் வீட்டுக்காரிக்கு அந்த ஊர்தான்" என்றார் ஓட்டுநர், வாயில் சோற்றோடு. எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். மனைவியின் ஊரும் வரலாற்றில் சேர்த்தி என்று அவருக்கு அதுவரை தோன்றியதில்லை.

மனைவி முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. தண்ணீர் வந்தது, கிளம்பிவிட்டோம், இதில் சொல்ல என்ன இருக்கிறது என்றாள். இயக்குநரே வீட்டுக்கு வந்து பேசிய பிறகு சம்மதித்தாள். ஆனால் முன்னறைச் சுவரில் இருந்த ஈரக்கறை படத்தில் தெரியக்கூடாது என்று ஒரு நிபந்தனை போட்டாள். அதனால் சமையலறையில் விளக்குகளை வைத்தார்கள். உதவியாளர் அன்று வராததால், வெளிச்சத்தை அவள் முகத்தில் திருப்பும் வெள்ளைப் பலகையை ஓட்டுநரே பிடித்துக்கொண்டு நின்றார்.

இயக்குநர் தெருவைக் கேட்டார், பள்ளிக்கூடத்தைக் கேட்டார். அவளும் சுருக்கமாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். அங்கே எதையாவது விட்டுவிட்டு வந்தீர்களா என்று அவர் கேட்டபோது, மேசையைக் கையால் துடைத்தாள்.

"என் தங்கச்சியை" என்றாள்.

ஓட்டுநருக்குத் தெரிந்து அவளுக்கு ஓர் அக்கா மட்டும்தான்.

தங்கை காய்ச்சலில் இறந்திருக்கிறாள், மிகச் சின்ன வயதில். ஊர் இடுகாட்டில் புதைத்தார்கள். தண்ணீர் வருவதற்கு முன்னால் அதிகாரிகள் வீடு வீடாக வந்து, இடுகாட்டில் உங்கள் ஆட்கள் யாராவது உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். உண்டு என்றவர்களின் எலும்புகளை மேட்டுக்கு மாற்றிப் புதைத்தார்கள்.

"அப்பா வாசல்ல நின்னு, எங்களுக்கு அங்க யாரும் இல்லன்னு சொல்லிட்டார். நான் அவர் பின்னாடிதான் நின்னேன். அதுக்கப்புறம் அவர்கிட்ட நான் முகம் குடுத்துப் பேசினதே இல்ல."

பலகை ஆடியது. ஒளிப்பதிவாளர் கண்ணால் ஜாடை காட்டினார். ஓட்டுநர் அதை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தார். வெளிச்சம் மறுபடியும் அவள் முகத்தில் நிலைத்தது.

குழுவை அலுவலகத்தில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். சாப்பிட்டு முடித்த பிறகுதான் கேட்டார்: "என்கிட்ட ஏன் சொல்லல?"

அவள் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "நீங்க கேக்கல. அவர் கேட்டார்."

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தானோ என்னவோ, அது அவருக்குள் பல நாள் கிடந்து உறுத்தியது. அக்கா வீட்டுக்குப் போகும் வழி அந்த நீர்த்தேக்கத்தை ஒட்டித்தான். அங்கே வரும்போதெல்லாம் அவள் பேச்சை நிறுத்திவிடுவாள். வளைவுகளில் தலைசுற்றுகிறது போல என்று நினைத்து, இத்தனை வருடமும் அவர் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டிருந்தார்.

படம் ஒளிபரப்பானது. சலவைப் பிரிவில் எல்லோரும் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அக்காவிடமிருந்து மட்டும் போன் வரவில்லை. இவளும் பண்ணவில்லை. மாதங்கள் போயின. ஒரு சனிக்கிழமை, முட்டிவலியோடு பேருந்து ஏறி அக்காவே வந்து சேர்ந்தாள். நேராகச் சமையலறைக்குப் போய் உட்கார்ந்தாள்.

"அப்பாவா அப்படிச் சொல்லல. அம்மாதான் சொல்லச் சொன்னா. திரும்பத் தோண்டி எடுக்கறத என்னால பாக்க முடியாது, குழந்தை அங்கயே தூங்கட்டும்னு. அப்பா மாட்டேன்னு எவ்வளவோ மல்லுக்கட்டினார். அந்த ஆளுங்க வந்தப்போ, அவர் என்ன சொல்றார்னு அம்மா உள்ளேருந்து கேட்டுக்கிட்டே இருந்தா."

இவ்வளவு காலம் ஏன் சொல்லவில்லை என்று மனைவி கேட்டாள். அம்மா இருக்கும்வரை பேசக்கூடாது என்பது அப்பாவின் உத்தரவு, ஆனால் அவர்தான் முதலில் போனார், அம்மாவும் போன பிறகு யாருக்காகச் சொல்வது என்றிருந்துவிட்டேன் என்றாள் அக்கா.

இவள் அழவில்லை. குழந்தை எப்படி இருப்பாள், எனக்கு முகமே ஞாபகமில்லை என்றாள். முன்பற்களுக்கு நடுவே சந்து இருக்கும், பசித்தால் உன் தலைமுடியைப் பிடித்து இழுப்பாள் என்று அக்கா ஆரம்பித்தாள். ஓட்டுநர் ரொட்டி வாங்கி வருகிறேன் என்று வெளியே போய், கடை மூடும்வரை தெருவில் நடந்துவிட்டு வந்தார்.

திங்கட்கிழமை இயக்குநரிடம் விஷயத்தைச் சொன்னார். இயக்குநர் தலையில் கைவைத்துக்கொண்டார். படம் அதற்குள் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் போய்விட்டிருந்தது. திரும்பவும் பேசிப் பதிவு செய்யலாம் என்றார். மனைவி சம்மதித்தாள். அக்கா கேமரா முன்னால் உட்கார முடியாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். கடைசியில், மறு ஒளிபரப்பில் ஒரு வரி சேர்த்தார்கள்: அந்தத் தந்தை மனைவி கேட்டுக்கொண்டதால்தான் அப்படிச் சொன்னார் என்று குடும்பத்தினர் பின்னர் தெரிவித்தனர். படம் முடிந்ததும் ஓடும் பெயர்களோடு பெயராக அது மேலேறிப் போயிற்று. அநேகமாக யாரும் படித்திருக்க மாட்டார்கள். அக்கா தன் வீட்டில் டிவிக்கு அருகில் போய் நின்று படித்துவிட்டு, சரியாக இருக்கிறது என்று போனில் சொன்னாள்.

அடுத்த வருடம் ஓட்டுநர் ஓய்வு பெற்றார். தொடருக்கு வேறு முதுகு கிடைத்தது, கொஞ்சம் ஒல்லியான முதுகு. மனைவி வேலை முடிந்து வந்ததும் அவர் ஏதாவது கேட்க ஆரம்பித்துவிடுவார். சின்ன வயதில் எந்த வாத்தியாருக்குப் பயப்படுவாய், மழை பெய்தால் அந்த வீடு ஒழுகுமா, தங்கையை யார் தூக்கி வைத்துக்கொள்வார்கள் என்று.

"போலீஸ்காரர் மாதிரி குடையறீங்களே" என்பாள். செருப்பைக் கழற்றி, காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு பதில் சொல்வாள்.