அந்த இடத்தில் கத்த வேண்டும்

கரண்ட் இருந்தால்தான் நான் ஈமோ. இல்லாத நாள்களில் யாங்கோனின் அலோன் பகுதியில் ஒரு மரவீட்டு மாடியில் வசிக்கும் வெறும் சுருட்டைமுடிப் பையன்.

நான் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்புகளில் இருந்தபோது யாங்கோன் பையன்களில் பாதிப் பேர் நெற்றி முடியை வளர்த்து ஒரு கண்ணை மறைத்துக்கொண்டு திரிந்தார்கள். கறுப்புச் சட்டை, கறுப்பு நகப்பூச்சு, காரணம் தெரியாத பெரும் வருத்தம். இதற்குத்தான் ஈமோ என்று பெயர். பர்மியப் பையன்களுக்கு முடி பிறவியிலேயே நேராக இருந்ததால் அவர்கள் வருத்தப்பட்டால் மட்டும் போதும். எனக்கு அப்பா வழிச் சுருட்டை. மேசையில் கன்னத்தை வைத்துப் படுத்து, முடியைப் பரப்பி, மேலே ஈரத்துண்டு போட்டு, அக்காவிடம் கெஞ்சி இஸ்திரி போட்டுக்கொள்ள வேண்டும். கரண்ட் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். சில நாள் பாதித் தலை தேய்த்ததும் போய்விடும். அன்றைக்கு இடது பக்கம் மட்டும் துக்கம்.

மழைக்காலம் இன்னும் மோசம். வீட்டிலிருந்து கிளம்பும்போது கண்ணை மூடியிருந்த முடி, டீக்கடை போய்ச் சேருவதற்குள் மெல்லச் சுருண்டு புருவத்துக்கு மேலே ஏறிக்கொள்ளும். மறைத்து வைத்த கண் எல்லோருக்கும் தெரியும். அம்மாவுக்கு அந்தக் கண்ணைப் பற்றியே கவலை.

"கட்டி ஏதும் வந்திருக்காடா? ஏன் மூடிமூடி வைக்கிற?" என்று கேட்டு, நான் தூங்கும்போது அதில் சொட்டுமருந்து விட்டுவிட்டாள்.

இத்தனைக்கும் காரணம் ஒரு பாட்டு. வெளிநாட்டுப் பாட்டு ஒன்றின் மெட்டில் யாரோ பர்மிய வார்த்தைகளைப் போட்டுப் பாடியது. அப்போது இங்கே பல பாட்டுகள் அப்படித்தான் பிறந்தன. அசல் பாட்டு ஒன்று இருக்கிறது என்பதே எங்களுக்குத் தெரியாது. ஒருவன் மழையில் நின்றுகொண்டு தன்னை விட்டுப் போன பெண்ணிடம் கிசுகிசுப்பாகப் பேசுவது போல ஆரம்பிக்கும். பிறகு கிதார் ஏறும், அவன் அழுவான், போட்டோவைக் கிழிப்பான். திடீரென்று எல்லாம் நின்றுவிடும். மூச்சுச் சத்தம்கூட இருக்காது. அதற்கப்புறம் ஒரு கத்தல்: "மத்வாபானே!" போகாதே என்று அர்த்தம். அடிவயிற்றிலிருந்து வர வேண்டும். கடைசி எழுத்தைத் தொண்டை கிழியும்வரை இழுக்க வேண்டும்.

அந்தக் கத்தல் ஊரையே பிடித்துக்கொண்டது. சாயங்காலம் ஏதோ ஒரு மாடியிலிருந்து ஒருவன் "மத்வாபானே!" என்பான். இரண்டு தெரு தள்ளி இன்னொருவன் பதில் கொடுப்பான். நாய்கள் சேர்ந்துகொள்ளும். முடிவெட்டும் கடையில் இந்தப் பாட்டின் பெயரைச் சொன்னால் போதும், எந்த வெட்டு என்று அவர்களுக்குத் தெரியும். சைக்கா என்கிற சைக்கிள் ரிக்ஷா மிதிக்கிறவர்கூட ஏற்றத்தில் இந்த மெட்டைத்தான் முனகினார்.

கீழ்வீட்டுப் பர்மியப் பையன் என் நண்பன். அவனிடம் ஒரு கம்பி அறுந்துபோன கிதார் இருந்தது. என்னிடம் தொண்டை இருந்தது. இருவரும் சேர்ந்து ஒரு குழு ஆனோம். எங்களுக்குத் தெரிந்த பாட்டு அது ஒன்றுதான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதைப் பாடுவோம். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து பாடுவோம்.

அப்பா துறைமுகக் கிடங்கில் சரக்கு எண்ணுகிறவர். நாளெல்லாம் கிரேன் சத்தத்தில் இருந்துவிட்டு வருகிறவருக்கு வீட்டில் இதுதான் வரவேற்பு. ஒருநாள் சட்டையைக் கழற்றாமலே என் அறை வாசலில் நின்று நிதானமாகக் கேட்டார்: "வயித்து வலின்னா சொல்லிருப்பா. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்திருவோம்."

அக்கா மருந்துக் கடையில் வேலை பார்த்தாள். எனக்கும் அவளுக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்பு மட்டும். "படிச்சதெல்லாம் மறந்துபோச்சு, இந்தப் பாட்டு மட்டும் வரிக்கு வரி மனப்பாடம். இது என் தலையெழுத்து" என்று தடுப்பை முட்டுவாள். அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். வந்தவர்கள் யாரையும் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஒருவர் பேசிக்கொண்டே இருக்கிறார் என்றாள், ஒருவர் தன் பைக்கைப் பற்றி மட்டும் பேசுகிறார் என்றாள்.

அப்படியிருக்கும்போது யாங்கோனுக்கு வெளியே மாவ்பியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. நெல் வயலும் காய்கறித் தோட்டமும் இருக்கிற குடும்பம். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, பெரியப்பா மூவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார்கள். மாப்பிள்ளை தலையில் எண்ணெய் வழிய, வெள்ளைச் சட்டையின் மேல் பொத்தான்வரை போட்டுக்கொண்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். எதைக் கேட்டாலும் சிரித்தார். வேறொன்றும் வாயிலிருந்து வரவில்லை. பேசியதெல்லாம் பெரியப்பாதான். பெரிய மீசை, நெற்றி நிறைய விபூதி. அவருக்கு ஒரே கவலை, தமிழ்.

"நம்ம பிள்ளைகளுக்கெல்லாம் இப்ப பர்மாப் பேச்சுதான் வருது. வாயத் தொறந்தா தமிழ் வரமாட்டேங்குது. உங்க வீட்ல எப்படி?"

"நல்லா வரும்ங்க" என்றார் அப்பா. அதோடு விட்டிருக்கலாம். சம்பந்தம் நல்லபடியாக முடிய வேண்டுமே என்ற பதற்றத்தில், "பையன் முருகன் பாட்டெல்லாம் பாடுவான்" என்று சேர்த்துவிட்டார்.

கோயிலில் நடந்த தமிழ் வகுப்புக்கு நான் போனது உண்மை. எப்போதோ போனேன். பெரியப்பா கண்ணை மூடி, கைகளைக் கூப்பி, "பாடு தம்பி" என்றார். அப்பா என்னைப் பார்த்தார். அவ்வளவு பரிதாபமாக அவர் யாரையும் பார்த்து நான் கண்டதில்லை.

முருகா என்று ஆரம்பித்தேன். மனசுக்குள் எதுவும் இல்லை. இன்னொரு தடவை முருகா என்றேன். எனக்குத் தெரிந்த பாட்டு உலகத்தில் ஒன்றே ஒன்றுதானே? தொண்டை அதையே எடுத்துக்கொண்டது. பர்மிய வார்த்தைகளைப் பாடினால் மாட்டிக்கொள்வேன், அவர்களுக்கு என்னைவிட நன்றாகப் பர்மியம் தெரியும். அதனால் அங்கேயே, அப்போதே, வரிவரியாகத் தமிழாக்கினேன். ஒவ்வொரு வரியின் முடிவிலும் பாதுகாப்புக்கு ஒரு முருகாவைப் போட்டேன்.

"மழையில நிக்கிறேன் முருகா... நீ எங்க போன முருகா..."

பெரியப்பா தலையை ஆட்டினார். எனக்குத் தைரியம் வந்தது.

"உன் படத்தப் பாத்தா அழுக வருது முருகா... உன் சட்ட இன்னும் என்கிட்டதான் இருக்கு முருகா..."

சட்டை என்றதும் அம்மா பல்லைக் கடித்தாள். போட்டோவைக் கிழிக்கிற வரியை மட்டும் விட்டுவிட்டேன். எனக்கும் பக்தி உண்டு. பெரியப்பாவின் மூடிய கண்ணிலிருந்து உண்மையாகவே தண்ணீர் வழிந்தது. அதைப் பார்த்ததும் எனக்குக் குரல் இன்னும் குழைந்தது. சமையலறைத் திரைக்குப் பின்னால், தட்டில் டீயோடு நின்றிருந்த அக்காவின் கால்கள் மட்டும் தெரிந்தன. ஒரு காலால் இன்னொரு காலை மிதித்துக்கொண்டிருந்தாள்.

பாட்டு நிற்கிற இடம் வந்தது. நான் நிறுத்தினேன். இதோடு முடித்துக் கும்பிட்டுவிடலாம் என்பது என் திட்டம். அறையில் அப்படி ஒரு அமைதி. பெரியப்பா மூக்கை உறிஞ்சினார்.

"மத்வாபானேஏஏஏ!"

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நான் கத்தவில்லை. நாற்காலி நுனியிலிருந்த மாப்பிள்ளை எழுந்து நின்று, முஷ்டியை இறுக்கி, கழுத்து நரம்பு புடைக்க, அப்படியொரு கத்தல் கத்தினார். அலோனில் எந்த மாடியிலிருந்தும் நான் அதுபோலக் கேட்டதில்லை. கடைசி எழுத்தை இழுத்தார், இழுத்தார், எங்கள் தெரு நாய்களெல்லாம் எழுந்து பதில் கொடுக்கும்வரை இழுத்தார். பிறகு சட்டையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார்.

மாடிப்படியில் தடதடவென்று சத்தம். கீழ்வீட்டு அம்மாள், என் நண்பனின் தாயார், "மீ! மீ!" என்று கூவிக்கொண்டு ஒரு வாளித் தண்ணீரோடு உள்ளே வந்தாள். மீ என்றால் நெருப்பு. மரவீடுகள் நெருங்கியிருக்கிற தெருவில் அப்படி ஒரு சத்தத்துக்கு வேறென்ன அர்த்தம் இருக்க முடியும்? நெருப்பைக் காணோம். எண்ணெய்த் தலையோடு ஒரு மாப்பிள்ளையும் விபூதிப் பெரியவரும்தான் இருந்தார்கள். வாளியைக் கீழே வைத்துவிட்டு, தானும் ஒரு நாற்காலி இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

பெரியப்பாவுக்கு இப்போதுதான் குரல் வந்தது. "என்னடா அது?"

மாப்பிள்ளை அன்றைக்கு முதன்முதலாகப் பேசினார். மிகவும் மரியாதையாகப் பேசினார்.

"அந்த இடத்துல கத்தணும் பெரியப்பா."

திரைக்குப் பின்னால் டீத்தட்டு கலகலவென்று ஆடியது. அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். அடக்கப் பார்த்து, முடியாமல், தட்டோடு வெளியே வந்து, கண்ணில் தண்ணீர் வழிய ஒவ்வொருவருக்கும் பாதி டீயைக் கோப்பையிலும் மீதியைத் தட்டிலுமாகக் கொடுத்தாள். மாப்பிள்ளைக்குக் கொடுக்கும்போது அவரும் சிரித்துவிட்டார். அதற்குப்பின் யாரும் எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் அவர்கள் போனபின் அம்மா கேட்டாள்.

"எனக்குச் சரிதாம்மா" என்றாள் அக்கா. "எண்ணெக் குடம் மாதிரி உக்காந்திருந்தாரா, பேச்சே வராதோன்னு பயந்துட்டேன். தொண்ட நல்லாத்தான் இருக்கு."

அந்தத் தொண்டையின் ரகசியத்தை அத்தான் பிறகு எனக்குச் சொன்னார். மாவ்பியில் கதிர் முற்றும் காலத்தில் வயலில் குருவி விரட்டுவது அவர் வேலை. தகரம் தட்டுவார்கள், கவண் வீசுவார்கள். அவர் மட்டும் காதில் இந்தப் பாட்டை மாட்டிக்கொண்டு, அந்த இடம் வரும்போதெல்லாம் கத்துவார். போகாதே போகாதே என்று அவர் கத்த, குருவிக் கூட்டம் மொத்தமாகக் கிளம்பிப் போய்விடும்.

"ஒரு குருவியும் சொன்ன பேச்சக் கேக்கல" என்றார்.

கல்யாணத்தன்று பெரியப்பா மேளக்காரரிடம் போய், "அந்த மழையில நிக்கிற முருகன் பாட்ட வாசிங்க" என்றார். அப்படி ஒரு பாட்டைத் தான் கேள்விப்பட்டதில்லையே என்று மேளக்காரர் விழித்தார். "இவ்வளவு காலம் வாசிக்கிறீங்க, அது தெரியாதா?" என்று பெரியப்பா வருத்தப்பட்டு, என்னை இழுத்துவந்து பாடிக் காட்டச் சொன்னார். மேளக்காரர் நாயனத்தில் அதைப் பிடித்துக்கொண்டார். தாலி கட்டி முடிந்ததும் வாசித்தார். நடுவில் நிறுத்தினார். பந்தலில் இருந்த பர்மியப் பையன்கள், என் நண்பன், அத்தான், அக்கா எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள். ஐயர் கையிலிருந்த அட்சதையைத் தவறவிட்டார்.

இதெல்லாம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஊரில் அந்த முடியும் போயிற்று, அந்தப் பாட்டைப் பாடிய பர்மியக் குழுவும் காணாமல் போயிற்று. என் முடியும் இப்போது இஸ்திரிக்குப் பிடிபடும் அளவில் இல்லை. ஆனால் மாவ்பியில் பாட்டு வேர்விட்டுவிட்டது. அங்கே ஒரு சின்ன முருகன் கோயில். வருஷத் திருவிழாவில் பெரியப்பா தலைமையில் அதைக் கூட்டமாகப் பாடுகிறார்கள். சட்டை வரியை வேட்டி என்று மாற்றியிருக்கிறார்கள். அந்த இடத்தில் சின்னது பெரியது என்றில்லாமல் அத்தனை பேரும் "போகாதே முருகா!" என்று கத்துகிறார்கள். முதல்முறை அதைப் பார்த்தபோது எனக்கு உடம்பெல்லாம் வியர்த்தது. பூசாரியைத் தனியாகக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிட்டேன்.

அவர் யோசித்தார். "பொண்ணப் பாத்துப் பாடுனதா?"

"ஆமாங்க."

"யாபாதே" என்றார். பரவாயில்லை என்பதற்கு இங்கே அதுதான் சொல். "மெதுவாக் கூப்பிட்டு என்னைக்கு வந்திருக்காரு? கத்தியும் பாப்போம்."

போன வருஷத் திருவிழாவுக்கு முந்தின நாள், இப்போது பாங்காக்கில் வேலை செய்கிற என் நண்பன் போனில் ஒரு வீடியோ அனுப்பினான். அசல் பாட்டைப் பாடிய வெளிநாட்டுக் குழு பல வருஷம் கழித்து மறுபடி மேடையேறியிருக்கிறதாம். அத்தான் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் என் போனைச் சுற்றி உட்கார்ந்தோம். நெட் நின்று நின்று வந்தது. அவர்களுக்கும் வயதாகியிருந்தது. பாடுகிறவருக்கு முன்மண்டை வழுக்கை, தொப்பைமேல் கறுப்புச் சட்டை இறுக்கமாக இருந்தது. கிசுகிசுப்பாக ஆரம்பித்தார்.

பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். "வெள்ளக்காரன் நம்ம முருகன் பாட்டப் பாடுறானே!"

அத்தான் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அக்கா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

"பாஷ புரியல. ஆனா பக்தி இருக்கு" என்றார் பெரியப்பா. பாட்டு நின்றது. நாங்கள் எல்லோரும் மூச்சை இழுத்துக்கொண்டோம். அந்த மனிதர் கத்தவில்லை. மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டிவிட்டு, ஒரு பாட்டில் தண்ணீரை எடுத்துக் குடித்தார். கத்தியது கூட்டம்தான்.

பெரியப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "பாவம், தொண்ட போயிருச்சு போல" என்றார். கொஞ்சநேரம் மீசையைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு அத்தானிடம் கேட்டார்: "அவுங்களுக்கு எழுதிப் போடலாமாடா? கத்துறதுக்கு ஆள் வேணும்னா நீ போய்ட்டு வா. அறுப்பு முடிஞ்சப்புறம் உனக்கு இங்க என்ன வேல?"

அத்தான் உண்மையிலேயே யோசிக்க ஆரம்பித்தார். "பாஸ்போர்ட் எடுக்கணுமே பெரியப்பா" என்றார்.