உபவாசத்தில் உப்புப் பார்த்தேன்

என் மகள் இன்று நலமாக இருக்கிறாள். நான்தான் இன்னும் ஆடிப்போயிருக்கிறேன்.

அவளுடைய இதய ஆபரேஷனுக்காக இருபத்தொரு நாள் பகலில் பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்து உபவாசம் இருந்தேன். கடைசி நாள் எங்கள் தூத்துக்குடி ஆலயத்தில், சபைக்கே சோறு பொங்கிப் போடும் அசனம். சமையல் என் பொறுப்பு. பழக்க தோஷத்தில் சாம்பாரை உள்ளங்கையில் விட்டு, உப்புப் பார்த்து விழுங்கிவிட்டேன். எல்லாம் வீணாகிவிட்டதே என்று என்மேலேயே எரிச்சல்.

மறுநாள் காலை மருத்துவமனையில் மகளிடம் நடந்ததைச் சொல்லி, "ஆபரேஷனைத் தள்ளி வைக்கச் சொல்லட்டா? மறுபடியும் முதல்லேருந்து உபவாசம் இருக்கேன்" என்று அழுதேன்.

அவளுக்குப் பொறுமை போய்விட்டது. "ஏம்மா, உப்புப் பாத்ததுக்கு ஆண்டவர் என்னைக் கொல்லுவாராக்கும்? சரி, நீ செத்தா பரலோகம் போவியா?"

"அத எப்படிளா சொல்ல முடியும்? இன்னும் எவ்வளவோ செய்யணும்லா."

"நான் போவேன். நான் ஒண்ணும் செய்யல. இயேசு எனக்காகச் செத்தாரு, அத நம்புதேன். அவரு முடிச்சத நீ என்னத்த திரும்ப முடிக்கப் போற?"

அவளை உள்ளே கொண்டுபோனார்கள். கதவு மூடியது. வழக்கமாக இப்படிப்பட்ட நேரத்தில், இன்னது செய்கிறேன் என்று ஆண்டவரிடம் நேர்ந்துகொண்டு புதிதாக ஒரு பொருத்தனை செய்வேன். அன்று "நானும் நம்புதேன் ஆண்டவரே" என்று மட்டும் சொன்னேன். பிறகு, மூன்று வாரத்தில் முதல் முறையாக, பகலில் ஒரு காப்பி வாங்கிக் குடித்தேன்.