இரண்டாவது கசெற்

மண்ணெண்ணெய்ப் புகை மூக்கில் ஏறினால் மற்றப் பிள்ளைகளுக்கு இருமல் வரும். எனக்குச் சிரிப்பு வரும். அந்த மணம் எங்கள் முற்றத்தில் எழுந்தால் அன்றைக்குப் படம் என்று அர்த்தம். அப்பா கயிற்றைச் சுற்றி ஓர் இழுப்பு இழுப்பார், 'மிசின்' செருமும், மறு இழுப்பில் இன்னும் கொஞ்சம் செருமும், பிறகு பெற்றோலில் பிடித்துக்கொண்டு, மண்ணெண்ணெய்க்கு மாறும் இடத்தில் ஒருதரம் திணறி, எங்கள் ஊர் சித்தாண்டியின் பாதிக்குக் கேட்கும்படி ஓடத் தொடங்கும். அந்தச் சத்தம் கேட்டதும் ஒழுங்கைக்குள் பிள்ளைகள் ஓடிவரும் காலடியும் கேட்கும். எனக்கு அப்போது ஒன்பது வயது, உலகத்திலேயே பெரிய தொழில் என் அப்பாவுடையதுதான் என்று நான் சத்தியம் செய்யத் தயாராக இருந்தேன்.

யுத்தத்தால் எங்கள் பக்கத்தில் கரண்டு இல்லாத வருடங்கள் அவை. ஜெனரேட்டரைத்தான் நாங்கள் மிசின் என்போம். அதோடு ஒரு கலர் டிவி, கசெற் போடுகிற ஒரு 'டெக்', இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு அப்பா வீடு வீடாகப் படம் போட்டு வாடகை வாங்கினார், வாடகைக்கு ஆள் வராத நாட்களில் எங்கள் வீட்டிலேயே தலைக்கு இவ்வளவு என்று ரிக்கற் வைத்துப் போட்டார். ஊரில் அவர் பெயர் செல்லத்துரை என்பதை எல்லோரும் மறந்து 'டெக்கர்' ஆக்கிவிட்டார்கள். பொழுதுபட்டால் ஊரடங்கு, ஆகவே எங்களுடையதெல்லாம் 'பகல் படம்'. நெல்லுச் சாக்குகளை விரித்து யன்னல்களை மூடி, கதவிலே அம்மாவின் கறுப்புச் சீலையைத் தொங்கவிட்டு, உச்சி வெயிலில் இருட்டு உண்டாக்கி, அதற்குள் நூறு பேர் வேர்த்து ஒழுகிக்கொண்டு சண்டைக் காட்சிக்குக் கைதட்டுவோம். வெளியே உண்மையாகவே வெடிச் சத்தம் கேட்டாலும், அது படத்திலா வீதியிலா என்று முதலில் விசாரித்துவிட்டுத்தான் எழும்புவோம்.

இவ்வளவு குதூகலத்துக்கும் அடியில் கடன் இருந்தது. மிசினை ஏறாவூர் ஹனிபா காக்கா தவணைக்குக் கொடுத்திருந்தார். டெக்கும் டிவியும் கணபதிப்பிள்ளைப் போடியாரிடம் வாங்கிய வட்டிப் பணத்தில் வந்தவை. அவர் எங்கள் ஊரில் நிறைய வயற்காணி வைத்திருந்தவர். எண்ணெய் எல்லாம் சந்திக்கடைத் தம்பிராசா அண்ணனிடம் கடன். பாதை பூட்டினால் படம் இல்லை, எண்ணெய் வராவிட்டால் படம் இல்லை, சுற்றிவளைப்பு என்றால் வாரக்கணக்கில் படம் இல்லை. வட்டிக்கு மட்டும் ஊரடங்கு இல்லை. அப்பா போடியாரிடம் வாங்கிக் காக்காவுக்குக் கட்டினார், கடையில் கைமாற்று வாங்கிப் போடியாருக்குக் கட்டினார், கடைசியில் யாருக்கு எதைக் கட்டினார் என்பது அவருக்கே தெரியாமல் போயிற்று. யாராவது சைக்கிளில் வந்து படலையில் மணி அடித்தால் பின்வேலியில் ஆள் நுழைகிற அளவுக்கு இருந்த பொட்டுக்குள்ளால் பக்கத்து வீட்டு மாட்டுக்கொட்டிலுக்குப் போய்விடுவார். வட்டைக்குப் போய்விட்டார் என்று சொல்வது என் வேலை. எங்களுக்குச் சொந்தமாக வட்டையில் ஒரு துண்டு வயல்கூடக் கிடையாது என்பது வந்தவருக்கும் தெரியும்.

ஒருநாள் போடியாரே நேரில் வந்தார். இந்த மாதம் முடிவதற்குள் காசு வரவேண்டும், இல்லாவிட்டால் மிசினைத் தூக்கிக்கொண்டு போவேன், அது வேண்டாமென்றால் வீடு நிற்கிற வளவை எழுதித் தரட்டும் என்றார். எங்கள் பக்கத்தில் வீடுவளவு பெண்ணுடையது. தாய் மகளுக்குக் கொடுப்பாள், அந்த மகள் தன் மகளுக்குக் கொடுப்பாள், கலியாணம் முடித்து வருகிற ஆண் அதில் வந்து இருப்பவர்தான். அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வளவு என்ட இல்லப் போடியார். அது இவளுக்கெண்டு வெச்சிரிக்கன்" என்று என் தலையில் கையை வைத்தார்.

உண்மையைச் சொன்னால், வளவைவிட மிசின் போய்விடுமே என்றுதான் எனக்கு அழுகை வந்தது.

அம்மா அன்றைக்கே பூரணம் மாமியிடம் போனார். மாமி எங்கள் ஊர் மாதர் சங்கத்தின் செயலாளர். கிழமைக்குக் கிழமை பெண்களிடம் சேமிப்புக் காசு அறவிடுகிறவர். வாய் கொஞ்சம் நீளம். சங்கத்தில் கடன் தருவார் என்று அம்மா நினைத்திருந்தார். மாமி தரமாட்டேன் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு, கடனை அடைக்கக் கடன் வாங்கித்தானே இந்தக் கோலம், மிசின் ஓடுகிறதுதானே, ஓடுகிற காசு எங்கே போகிறது என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தார். எனக்கு எல்லாப் படமும் தெரியும். எந்தப் படம், எந்த வீடு, என்ன விசேசம், எந்த இடத்தில் மிசின் நின்றது என்று நான் மூச்சுவிடாமல் ஒப்புவிக்கத் தொடங்கினேன். போடியாரின் பேத்தி பெரியபிள்ளையான சாமத்திய வீடு, காக்காவின் மகனின் கலியாணம், தம்பிராசா அண்ணனின் புதுவீடு குடிபூரல், பிறகு போடியாரின் மச்சானின் வீடு, காக்காவின் மருமகன் வெளிநாட்டால் வந்த நாள். மாமி கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"இவங்களெல்லாம் வாடகை குடுத்தவங்களா, புள்ள?"

ஒருவரும் கொடுக்கவில்லை. கொடுத்த கடனைக் கேட்டு வந்தவரை எப்படிச் சமாளிப்பது என்று தெரியாமல், அடுத்த விசேசத்துக்குச் சும்மா படம் போட்டுத் தருகிறேன் என்று அப்பா ஒவ்வொருவருக்கும் வாக்குக் கொடுத்திருந்தார். அவர்களும் அதை வட்டிக்கு மேலே வந்த மரியாதையாக ஏற்றுக்கொண்டார்கள். முகூர்த்த நாள், பெருநாள் என்று வாடகை கிடைக்கிற நல்ல நாளெல்லாம் மிசின் கடன்காரர் வீட்டு முற்றத்தில் இலவசமாக ஓடியது. அதற்கு ஊற்றிய எண்ணெயும் கடன். ஊரில் ஒரு விசேசமும் இல்லாத வெறும் நாட்களில்தான் அப்பா உழைக்கப் போனார். மாமி சிரித்தார், அம்மா அழுதார், நான் இன்னும் சொல்லவேண்டிய படங்கள் இருப்பதால் இரண்டும் செய்யாமல் நின்றேன்.

அடுத்த ஞாயிறு எங்கள் வீட்டில் புதுப் படம் என்று மாமி ஊருக்குள் சொல்லவைத்தார். போடியாருக்கும் காக்காவுக்கும் தம்பிராசா அண்ணனுக்கும் தனித்தனியாக ஆள் அனுப்பி, வீட்டாரோடு வரவேண்டும், முன்னுக்குக் கதிரை போட்டிருக்கிறது என்று அழைப்பு. ஏறாவூரிலிருந்து காக்கா மகனின் மோட்டார் சைக்கிளில் வந்தார், போடியார் மனைவியும் பேத்தியுமாக வந்தார், மூவரும் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து நலம் விசாரித்துக்கொண்டார்கள். அவரவருக்கு எங்களிடம் வரவேண்டியது அவரவருக்குத் தெரியும். மற்றவர்களுக்கும் வரவேண்டியிருக்கிறது என்பது மட்டும் தெரியாது. ஐயோ, அந்தப் படம்! அண்ணனும் தங்கையும் திருவிழாவில் பிரிந்து, தங்கை யாரென்று தெரியாமலே அண்ணன் அவளுடைய புருசனை அடிக்கத் துரத்தி, கத்தியை ஓங்கிய இடத்தில் முதல் கசெற் முடிந்தது. வீடே கூச்சல் போட்டது. இரண்டாவது கசெற்றை எடுக்க அப்பா கையை நீட்டினார். அது அங்கே இல்லை. அது பூரணம் மாமியின் மடியில் இருந்தது.

மாமி மிசினை நிற்பாட்டச் சொன்னார். யன்னல் சாக்குகளைக் கழற்றினார்கள். வெளிச்சம் குபீரென்று உள்ளே விழுந்தது. எல்லோருக்கும் கேட்கும்படி, இந்த மூன்று பேருக்கும் டெக்கர் கடன், மூன்று பேரும் பேசி முடித்தால்தான் மிச்சப் படம் என்று மாமி அறிவித்தார்.

போடியாருக்குச் சுள்ளென்று கோபம் வந்துவிட்டது. பேச ஒன்றும் இல்லை, மாத முடிவில் மிசினைத் தூக்குவேன் என்றார். அதுவரை சாதுவாக இருந்த காக்கா அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னத்த தூக்குற போடியார்? காசு முடியும் வரைக்கும் மிசின் என்டதான். டெக்கர் இன்னம் கட்டி முடிக்கல்லயே."

அப்படியென்றால் எண்ணெய்க் காசுக்கு நான் எதைத் தூக்குவது என்று தம்பிராசா அண்ணன் கேட்டார். ஒருவர் மிசினைக் கொண்டுபோனால் மற்றவருக்கு வெறும் டிவிப் பெட்டி, டிவியைக் கொண்டுபோனால் இன்னொருவருக்கு ஓடி ஒன்றுக்கும் உதவாத மிசின். மூன்று பேரும் ஒரே நேரத்தில் அதைக் கண்டுகொண்ட முகங்களை நான் பாயில் இருந்தபடி பார்த்தேன். படத்தைவிட அது விறுவிறுப்பாக இருந்தது. முற்றத்தில் நின்ற பெடியன்கள் பொழுது போகிறது, ஊரடங்கு வரப்போகிறது, படத்தைப் போடுங்க என்று சத்தம் போட்டார்கள்.

அப்போதுதான் அப்பா முன்னுக்கு வந்தார். இவ்வளவு நாளும் வேலிப் பொட்டுக்குள்ளால் ஓடின மனிதர், அந்த மூன்று கதிரைகளுக்கும் நேரே நின்றார்.

"தரமாட்டன் எண்டு ஒளிக்கல்ல. உங்கட முகத்தப் பாக்க ஏலாமத்தான் ஒளிச்சன். மிசின் ஓடினா மூண்டு பேருக்கும் தருவன்."

மாமி தன் கணக்கைச் சொன்னார். இன்றைக்கோடு வட்டி ஏறுவது நிற்கவேண்டும். இனி யார் வீட்டு விசேசமானாலும் வாடகை உண்டு. கடன்காரர் வீடென்றால் அந்த வாடகையை அவருடைய கடனில் கழிக்கவேண்டும். வருகிற காசு அம்மாவின் கைக்குப் போகும். அதில் முதலில் எண்ணெய், அடுத்தது அரிசி, மிச்சம் மூன்று பேருக்கும். அரிசிக்குப் பிறகா எங்களுக்கு என்று போடியார் பொங்கினார். சோறு தின்னாதவன் எப்படிக் கயிறு இழுப்பான் என்று மாமி கேட்டார். காக்கா சரி என்றார், தம்பிராசா அண்ணனும் தலையாட்டினார், போடியார் மட்டும் வட்டியை விட மனமில்லாமல் தாடையைத் தடவிக்கொண்டிருந்தார். பின்னால் பெண்கள் பக்கத்திலிருந்து அவருடைய மனைவியின் குரல் வந்தது.

"இஞ்சேருங்க, ஓமெண்டு சொல்லுங்க. அவன் கத்தியோட நிக்கான்."

வீடு முழுக்கச் சிரித்தது. போடியார் சிரிக்கவில்லை, ஆனால் "ஓம்" என்றார். மாமி மடியிலிருந்த கசெற்றை அப்பாவிடம் கொடுத்தார். அப்பா முற்றத்துக்கு ஓடிக் கயிற்றை இழுத்த இழுப்பில் மிசின் முதல் தரத்திலேயே பிடித்துக்கொண்டது. நான் பாயில் எழும்பி நின்று துள்ளினேன், பின்னால் இருந்தவர்கள் மறைக்கிறது என்று என் பாவாடையைப் பிடித்து இழுத்து இருத்தினார்கள். தங்கையை அண்ணன் அடையாளம் கண்ட இடத்தில் போடியார் சால்வையால் கண்ணைத் துடைத்ததைப் பார்த்தவர்கள் பலர்.

கடன் முடிய வருடங்கள் சென்றன. இடையில் ஒருமுறை ஊரே இடம்பெயர்ந்தது, மிசினை வாழைத்தோட்டத்துக்குள் புதைத்துவிட்டுப் போய்த் திரும்பிவந்து தோண்டி எடுத்தோம். போடியாரின் கடைசிப் பங்கை அவருடைய இளைய மகளின் கலியாணப் படத்தில் கழித்தார்கள். அன்று அப்பா புதுச் சேட்டுப் போட்டுக்கொண்டு போய், முன்வாசலால் வீட்டுக்கு வந்தார்.

இப்போது கரண்டு இருக்கிறது, படம் அவரவர் கையில் இருக்கிறது, அப்பாவும் மாமியும் இல்லை. அந்த வளவில்தான் நான் இருக்கிறேன். பக்கத்து வீட்டு வசந்தி மிக்சர் பொரித்துப் பைக்கற் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறவள். மூன்று கொம்பனிகளிடம் லோன் எடுத்து, ஒன்றை அடைக்க மற்றதை எடுத்து மாட்டிக்கொண்டாள். எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. மூன்று பேரையும் ஒரே நாளில் என் வீட்டுக்கு வரவழைத்துப் பேசி முடிக்கிறேன் என்று அவளிடம் வீராப்பாகச் சொல்லி, ஒவ்வொரு கொம்பனிக்கும் தொலைபேசி எடுத்தேன். வட்டியைக் குறைக்கிற ஆள் கொழும்பில் என்றார்கள். கொழும்புக்கு எடுத்தால் ஒரு பெண்குரல், ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்றது. கடன் கொடுத்தவருக்கு ஒரு முகமும், பின்னாலிருந்து அதட்ட ஒரு மனைவியும் இருந்த காலம் போய்விட்டது.

ஆனாலும் நான் குறித்த நாளில் ஒருவர் வந்தார். கிரான் பக்கத்துப் பெடியன், கழுத்தில் கொம்பனி அட்டை. மற்ற இரண்டு கதிரைகளும் வெறுமையாகவே கிடந்தன. வசந்தி என் பக்கத்தில் பாயில் இருந்தாள். மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்சை நான் தொடங்கினேன்; மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தவர் நடுவில் தலை குனிந்தார்.

"அக்கா, இந்தக் கிழமை இவங்க கட்டாட்டி என்ட சம்பளத்தில வெட்டுவாங்க. என்ட மோட்டார் சைக்கிளும் லோன்தான்."

நான் மிச்சப் பேச்சை விட்டுவிட்டு எழும்பினேன். குசினிக்குள் போய் எங்கள் மூன்று பேருக்கும் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தேன்.