கடலுக்கு வேர்க்குதா என்று கேட்ட ஸ்டெல்லாக்கா

ஸ்டெல்லாக்கா செத்துப்போன சேதி வந்தபோது நான் ஏணிமேல் நின்று ஏசி ஃபில்டரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவள் மகள் ஜெனிபர் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியிலிருந்து பேசினாள். “அம்மா போய்ட்டாங்க மாமா” என்றாள். இறங்கி வந்து, கீழே இருந்த பக்கெட்டை ஓங்கி உதைத்தேன். அது உடைந்து தண்ணீர் வாசல்வரை ஓடியது. வீட்டில் தங்கியிருந்த விருந்தாளிகள் எட்டிப்பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நல்லவேளை. ரூம் கூல் ஆகவில்லையே என்று அந்த நேரத்தில் யாராவது கேட்டிருந்தால் என்ன செய்திருப்பேனோ, எனக்கே தெரியாது.

கோவளம் பஸ் ஸ்டாப்பில் நம் சங்கம் வைத்த அஞ்சலி பேனரையும் பார்த்தேன். “சாந்த சொரூபி” என்று போட்டிருக்கிறீர்கள். கடற்கரைச் சாலையில் பீச் ஹவுஸ் பார்த்துக்கொள்ளும் நம்மில் எந்தப் புண்ணியவான் அதை எழுதிக்கொடுத்தது? அவளிடம் திட்டு வாங்காத ஒரு ஆள் நம் சங்கத்தில் உண்டா? உயிரோடு இருந்திருந்தால் அந்த பேனரை அவளே கிழித்து, கட்டிய கம்பாலேயே நம்மை அடித்திருப்பாள். “அவர்” என்று மரியாதையாக எழுதவும் எனக்குக் கை வரவில்லை. அவள் என்றே எழுதுகிறேன். என்னை அவள் “டேய் பழனி” என்றுதான் கூப்பிடுவாள்.

நெம்மேலிக்கு இந்தப் பக்கம் அவள் பார்த்துக்கொண்ட வீடும் நான் பார்த்துக்கொள்ளும் வீடும் அடுத்தடுத்து, நடுவில் ஒரு சவுக்கு வேலி. சீசனில் வருகிறவர்களுக்கு அவள் போட்ட சட்டம் சின்னது. ஏசி இருபத்து நாலில் இருக்கும். கடல் பக்கத்துக் கதவு சாத்தியிருக்கும். ரிமோட் அவள் இடுப்பில் இருக்கும். கதவைத் திறந்து போட்டால் மெயினை இறக்கிவிடுவாள். கரண்ட் பில் எகிறினால் ஓனர் அவள் சம்பளத்தில்தான் பிடிப்பார் என்பது நம் எல்லாருக்கும் தெரியும், நமக்கும் அதே கதைதான். ஆனால் அவளுக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அந்த வீட்டு ஒயர் பழசு, உப்புக்காற்றில் அரித்துப்போனது. எல்லா ஏசியும் ஓயாமல் ஓடினால் சுவிட்ச் போர்டு கொதிக்கும். “கொளுத்திடுவீங்கடா வூட்ட” என்று வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒயரை மாற்றிக்கொடுங்கள் என்று ஓனரிடமும் கத்தினாள். அவர் கேட்டுக்கொண்டார், அவ்வளவுதான்.

முதன்முதலில் அவளை நான் பார்த்தது ஒரு சண்டையில். ஒரு கல்யாணக் கூட்டம் வந்து எல்லாக் கதவையும் திறந்து வைத்துக்கொண்டு, பதினாறில் வைக்கச் சொல்லி நின்றது. “காசு குடுத்திருக்கோம்ல?” என்று மாப்பிள்ளையின் நண்பன் ஒருவன் கேட்டான். “காசு குடுத்தது உனக்கு குளிரத்துக்கு. கதவத் தொறந்து வுட்டுகினு கீறியே, கடலுக்கு இன்னா வேர்க்குதா?” என்றாள். அவன் அவள் இடுப்பிலிருந்த ரிமோட்டைப் பிடுங்கக் கையை நீட்டினான். அந்தக் கையை அவள் கதவிடுக்கில் வைத்துச் சாத்தினாள். அவன் அலறிய அலறலில் பக்கத்துக் குப்பத்திலிருந்து ஆட்கள் ஓடிவந்துவிட்டார்கள். நான் வேலி தாண்டிப் போய் விலக்கினேன். எனக்கும் ஒன்று விழுந்தது, அவள் கையால்தான்.

அவன் கொடுத்த புகாருக்கு நானும் அவளோடு போலீஸ் ஸ்டேஷன் போனேன்; அங்கே அவள் நின்ற நிலையை இன்னும் மறக்கவில்லை. தெரியாமல் கதவு சாத்திக்கொண்டது என்று சொல்லிவிடு, நான் பேசி முடிக்கிறேன் என்று போகும் வழியெல்லாம் ஓனர் போனில் கெஞ்சினார். உள்ளே போனதும் இன்ஸ்பெக்டர், “இன்னாம்மா, கைய நசுக்கினியா?” என்று கேட்டார். “நசுக்கினேன் சார். இடுப்புல கை வச்சான், நசுக்கினேன். இன்னும் கொஞ்ச நேரம் வுட்டிருந்தா ஒடச்சிருப்பேன்” என்றாள். இன்ஸ்பெக்டர் அந்தப் பையனைப் பார்த்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். இடுப்பில் கை வைத்ததை அவன் அதுவரை சொல்லவே இல்லை. புகாரும் அங்கேயே முடிந்தது. வெளியே வந்து டீ குடிக்கும்போது என்னிடம் சொன்னாள்: “அடிச்சா அடிச்சேன்னு சொல்லணும்டா. அடிக்கவே இல்லன்னு சொல்லிட்டா, எதுக்கு அடிச்சேன்னு எவன் கேக்கப் போறான்?”

கடைசி நாளுக்கு வருகிறேன்.

கோடை விடுமுறை, மத்தியான வெயில். ஸ்டெல்லாக்கா வேலிப் பக்கம் நின்று என்னைக் கூப்பிட்டாள். “டேய் பழனி, காது குடுத்துக் கேளு. கதவெல்லாம் சாத்தித்தான் கீது. ஆனா வெளில கீற மிஷின் நிக்கவே மாட்டேங்குது. இன்னாவோ தில்லுமுல்லு பண்றானுங்க” என்றாள். அறை இருபத்து நாலுக்கு வந்துவிட்டால் வெளியே இருக்கும் யூனிட் கொஞ்ச நேரம் ஓய வேண்டும். அது ஓயவில்லை. காலையிலேயே ஒருமுறை பார்க்கப் போனவளை, பெண்கள் தூங்குகிறார்கள் என்று வாசலிலேயே விரட்டியிருந்தார்கள். இரண்டு பேருமாகப் போய்ப் பின்பக்க ஜன்னல் வழியாகப் பார்த்தோம். அலமாரிமேல், ஏசியை ஒட்டி, ஒரு மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. சூடு பட்டால் ரூம் இன்னும் குளிரவில்லை என்று நினைத்து ஏசி நிற்காமல் ஓடும் என்று எவனோ போனில் பார்த்துக் கற்றுக்கொண்டு வந்த வித்தை. மெழுகு உருகி வழிந்து திரைச்சீலையில் நெருப்பு பிடித்திருந்தது. கட்டிலில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. தாய் கடலில் குளிக்கப் போயிருந்தாள்.

அறையின் பின்கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. நான் அதை உதைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அக்கா முன்பக்கம் ஓடினாள். ஹாலில் பாட்டுப் பெட்டி அலற, ஆண்கள் குடித்துக்கொண்டிருந்தார்கள். குழந்தையின் அப்பன்தான் குறுக்கே நின்றான். “நெருப்புடா, வுடுறா” என்று அவள் கத்தியது எனக்கே கேட்டது. “மறுபடியும் ஏசிய அணைக்க வந்துட்டியா, வேலக்காரி?” என்று அவன் சிரித்ததும் கேட்டது. வந்த நாளிலிருந்து நெருப்பு நெருப்பு என்று அவள் மிரட்டியதை அவன் கேட்டுச் சலித்திருந்தான். பாதி திறந்த அறைக் கதவில் அவள் முகத்தையும் அவன் முதுகையும் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்; அவளை நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான். அவள் அவன் கன்னத்தில் அறைந்தாள். அந்தச் சத்தம் பாட்டையும் மீறிக் கேட்டது. அவன் தடுமாறிய அந்த ஒரு நொடியில் உள்ளே புகுந்து, எரிகிற திரையை வெறுங்கையால் இழுத்துக் கீழே போட்டு, குழந்தையை வாரி எடுத்து, பின்கதவைத் திறந்து என்மேல் போட்டாள். “புடி” என்றாள். அதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது.

அதற்குள் அவர்கள் வீட்டைச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். கன்னத்தில் அறை வாங்கியவன் கண்ணுக்குப் புகையும் தெரியவில்லை, என் கையில் இருந்த தன் மகளும் தெரியவில்லை. பீர் பாட்டிலால் அவள் தலையில் அடித்தான். அவள் திருப்பி அடித்தாள். வெந்துபோன கையால் அடித்தாள். இன்னொருவன் வயிற்றில் உதைத்தான். ஏசி யூனிட் வைத்திருந்த சிமெண்ட் மேடையின் விளிம்பில் அவள் பின்னந்தலை மோதியது. விழுந்தவளை அப்போதும் உதைத்தார்கள். “கொழந்தடா, கொழந்தடா” என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். காலால் ஒருவனை எத்தினேன். குழந்தையை எங்கே போடுவது? கீழே கண்ணாடித் துண்டுகள். கடைசியில் அந்தக் குழந்தை விழித்துக்கொண்டு வீறிட்டு அழுதது. அப்போதுதான் அப்பன் திரும்பிப் பார்த்தான். அவன் கையில் மிச்சமிருந்த பாட்டில் கழுத்து கீழே விழுந்தது. அக்காவின் ரத்தம் மேடையில் வழிந்துகொண்டிருந்தது. அந்த யூனிட் அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

ஆஸ்பத்திரியில் சில நாள் கிடந்தாள். கண் திறக்கவில்லை.

இப்போது கேஸ் செங்கல்பட்டு கோர்ட்டுக்கு வருகிறது. அந்தப் பொம்பளை ரவுடி, அவள்தான் முதலில் கை வைத்தாள், தற்காப்புக்காகத் தள்ளியதில் விழுந்துவிட்டாள் என்று அவர்கள் தரப்பில் சொல்கிறார்கள். உடனே நீங்கள் சாந்த சொரூபி பேனர் வைத்துவிட்டீர்கள். சங்கத்து ஆட்கள் என் வீட்டுக்கே வந்து, அவள் யாரையும் அடிக்கவில்லை என்று சாட்சி சொல் என்றீர்கள். ஜெனிபரும் கேட்டாள். “அம்மா அடிச்சாங்கன்னு சொல்லாதீங்க மாமா. அவனுங்க தப்பிச்சிடுவானுங்க” என்று அழுதாள். அன்று ராத்திரியே இதை எழுத உட்கார்ந்தேன்.

ஜெனிபர், இதைப் படிப்பாய் என்றுதான் எழுதுகிறேன். உன் அம்மா அடித்தாள் என்றுதான் சொல்லப்போகிறேன். கன்னத்தில், ஓங்கி, முதலில் அடித்தாள் என்று சொல்லப்போகிறேன். இல்லை என்று சொன்னால் அதோடு என்னைச் சாட்சிக் கூண்டிலிருந்து இறக்கிவிடுவார்கள், எதற்கு அடித்தாள் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். அவர்கள் கேட்க வேண்டும். கேட்டால், கதவை மறித்து நின்றவனுக்குப் பின்னால் என்ன எரிந்துகொண்டிருந்தது, யார் தூங்கிக்கொண்டிருந்தது என்று அவன் முகத்தைப் பார்த்தே சொல்வேன். உன் அம்மாவிடமிருந்து வேறு எதையும் நான் எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. அன்று அவள் என்மேல் போட்ட அந்தக் குழந்தையின் கனம் மட்டும் இந்தக் கையில் இருக்கிறது, தூங்கும்போதும் இருக்கிறது. அந்தக் கையைத் தூக்கித்தான் சத்தியம் செய்யப்போகிறேன்.